நான் போட்ட இரண்டு ஓட்டைகள்

அந்த ஸ்கேனரை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்காருங்கள். வெளியே நிற்கிற வண்டிகள் ஓடிவிடாது. ஓடுகிற நிலையில் இருந்தால் நம்மிடம் ஏன் வரப் போகிறது?

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "பாஸ், பழைய லொறியில பொடி கண்ட்ரோல் மொடியூல் போச்சுன்னா மாத்துறது ரொம்பக் கஷ்டமா?"

கஷ்டமே இல்லை. பெட்டரி வயரைக் கழற்றுவது, பிளக்கை இழுப்பது, நம்பர் ஒத்துப்போகிற பெட்டியைத் தேடி வாங்கி மாட்டுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட வேகமாக வரும். எனக்கு இப்போது கண்ணாடி போட்டால்தான் பிளக்கே தெரிகிறது. ஆனால் அந்தப் பெட்டி விஷயத்தில் நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வரியால் ஒரு டிரைவரின் வேலையும் வீடும் போகப் பார்த்தது. மெனுவலில் இல்லாத பாடம் என்பதால் அதைச் சொல்கிறேன்.

ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் வேர்க்ஷொப்பில் நான் வயரிங் பாஸாக, அதாவது மின் வேலை மேஸ்திரியாக, இருந்தேன். இருபத்தேழு வருடம். தொண்ணூறுகள் முழுக்க எங்களிடம் இருந்தவை பழைய லொறிகள். லைட்டுக்கு ஒரு வயர், ஹோனுக்கு ஒரு வயர், விரலால் தடவிக்கொண்டே போனால் குறை கிடைத்துவிடும். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஜப்பான் லொறி வந்தது. வரும்போதே அதற்குப் பத்து வயது. அதில் எல்லா வயரும் இடது பக்க டேஷ்போட்டுக்குக் கீழே இருந்த ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போய்ப் புகுந்துகொண்டன. லைட், வைப்பர், ஹோன், சிக்னல் எல்லாம் அந்தப் பெட்டியைக் கேட்டுத்தான் வேலை செய்யும். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவைக் கேட்காமல் யாரும் மலையை விட்டு இறங்க முடியாதல்லவா, அது மாதிரிதான். நீங்கள் பொடி கண்ட்ரோல் மொடியூல் என்கிறதை நாங்கள் மூளைப் பெட்டி என்று சொல்லுவோம்.

அந்த லொறியின் டிரைவர் பெருமாள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வளைவுக்கு வளைவு ஹோன் அடிக்கிறவன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கொஞ்சம் போடுவான். வேலை நாளில் வாசம்கூடப் பிடிக்க மாட்டான். அவன் மனைவி மாரியாயி கொழுந்தெடுக்கிறவள். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். டிரைவருக்கென்று தோட்டம் கொடுத்த இரண்டறை வீடு எங்கள் வேர்க்ஷொப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது, இருபது எட்டு எடுத்து வைத்தால் போய்விடலாம்.

லொறி வந்த வருடம் ஆயுத பூசை அன்றைக்கு மாரியாயி ஒரு சின்ன மாரியம்மன் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இத ஆடாம வச்சுக் குடுங்க. வளைவுக்கு வளைவு அம்மா குப்புற விழுறாங்களாம். இவரு ஒரு கையில ஸ்டேரிங்கையும் ஒரு கையில அம்மாவையும் புடிச்சிக்கிட்டு ஓட்டுறாரு."

நான் சிரித்துக்கொண்டே டிரில்லை எடுத்தேன். டேஷ்போட்டின் இடது பக்கத்தில் இரண்டு ஓட்டை, இரண்டு ஸ்க்ரூ. படம் அசையாமல் நின்றது. நானே தட்டிப் பார்த்து, "இனி லொறி போனாலும் அம்மா போக மாட்டாங்க" என்று பெருமையடித்துக்கொண்டேன். அன்றைக்குப் பூசைக்கு வந்த துரை, அதாவது தோட்ட மனேஜர், முதல் ஆளாக மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். துரை சிங்களவர்தான். ஆனால் எங்கள் பூசையில் முதல் தெளிப்பு துரையுடையது, அது தோட்டத்து வழக்கம். அவரும் சந்தோஷமாகச் செய்வார்.

சில வருடம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை, நல்ல பனிமூட்டம், மழைத் தூறல். பெருமாள் மேல் மலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது லொறி வளைவில் திரும்பாமல் மண்மேட்டில் போய் மோதி, ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பின்னால் இருந்தவர்களில் ஒருவருக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. மறுபக்கம் பள்ளம். அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

"லைட்டும் வைப்பரும் ஒண்ணாப் போயிருச்சுங்க. ஒண்ணும் தெரியல" என்றான் பெருமாள்.

துரை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை அல்லவா? ஞாயிற்றுக்கிழமை குடித்தது தெளியவில்லை என்று அவர் நினைத்தார். ஆனாலும் நியாயமான மனிதர், லொறியை என்னிடம் அனுப்பினார். "நீங்க பாத்து எழுதிக் குடுங்க. நீங்க சொல்றதத்தான் எடுப்பேன்."

லொறி என் முற்றத்தில் இரண்டு நாள் நின்றது. இரண்டு நாளும் நல்ல வெயில். மூன்றாம் நாள் நடுப்பகலில் சோதித்தேன். லைட் எரிந்தது. வைப்பர் ஆடியது. ஹோன் அடித்ததில் பக்கத்துத் தொழிலாளர் லயத்து நாய் குரைத்தது. ஒன்றுக்கு மூன்று முறை பார்த்தேன், சோம்பல்படவில்லை. பெருமாள் என் பின்னாலேயே நின்றான்.

"அண்ணே, லைட்டு தானாத்தான் அணைஞ்சிச்சு. நீங்களாவது நம்புங்கண்ணே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெருமாளு, மனுசன் பொய் சொல்லுவான். மெசினு பொய் சொல்லாது."

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பேனையை எடுத்து, "மின் குறை எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே பெருமாளை லொறியை விட்டு இறக்கி, மலையில் கான் வெட்ட அனுப்பினார்கள். மாதக் கடைசியில் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். டிரைவர் வேலை போனால் டிரைவர் வீடும் போகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவார்கள்? அவன் அப்பா இருந்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் ஏற்கெனவே அண்ணன் குடும்பம், ஆறு பேர்.

அவன் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தினமும் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேர்க்ஷொப்பைத் தாண்டிப் போவான். முன்பு போலவே, "வாறேண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். நான் போனட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

லொறிக்குக் கினிகத்தேனையிலிருந்து ஒரு சிங்களத் தம்பி புது டிரைவராக வந்தான். ஒரே வாரத்தில் இரண்டு தடவை என்னிடம் வந்து, காலையில் வைப்பர் நின்று நின்று போகிறது என்றான். இரண்டு தடவையும் மத்தியானம் சோதித்தேன். இரண்டு தடவையும் நன்றாக இருந்தது. "புது ஆள், சுவிட்ச் பழகலை" என்று அவனைக் கிண்டல் செய்து அனுப்பினேன். ஒரு டிரைவர் சொல்லிக் கேட்கவில்லை. இரண்டாவது டிரைவரும் அதையே சொல்லிக் கேட்கவில்லை. இப்படியும் ஒரு பாஸ்!

பிறகு ஒரு நாள். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு முன்னால் ஒரு டிராக்டரை அனுப்ப வேண்டியிருந்ததால், விடிந்தும் விடியாத நேரத்திலேயே வேர்க்ஷொப்புக்கு வந்துவிட்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பார்த்தால், மாரியாயி தலையில் மழைக்குப் போடுகிற கொங்காணி, முதுகில் கூடையோடு, கையில் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு வருகிறாள். நேரே முற்றத்தில் நின்ற லொறியின் இடது கதவைத் திறந்தாள். படத்தைத் துடைத்தாள். ஒரு பூ வைத்தாள். செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளிப் படத்தின் மேல் விட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்டப் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, பெருமாளுதான் இப்ப இந்த வண்டியில இல்லையே?"

"வண்டி இருக்குல்லண்ணே" என்றாள். "அந்தத் தம்பிக்கும் வீட்டுல ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. யாரு ஓட்டுனா என்ன, போறவங்க வரணும்ல."

சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினாள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

நான் அப்படியே நின்றேன். தன் புருஷனின் இடத்துக்கு வந்தவனுக்காக வேண்டிக்கொள்கிறாள். அந்தப் புருஷனை இறக்கிய கையெழுத்துக்காரன் நான். என் முகத்தைப் பார்த்து அண்ணே என்று வேறு சொல்கிறாள். வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், கதவைத் திறந்து அந்தப் படத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. படத்திலிருந்து வழிந்த தண்ணீர் கீழே ஸ்க்ரூ இருந்த இடத்துக்கு வந்தது. வந்த தண்ணீரைக் காணவில்லை. டேஷ்போட்டில் தேங்கவும் இல்லை, முன்னால் வழியவும் இல்லை. விரலை வைத்துப் பார்த்தேன். ஸ்க்ரூவைச் சுற்றி மயிரிழை இடைவெளி. வருடக்கணக்கில் வண்டி குலுங்கியதில் ஓட்டை பெருத்திருந்தது. தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது?

சாவியைப் போட்டு லைட்டையும் வைப்பரையும் போட்டேன். இரண்டும் வேலை செய்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வைப்பர் கண்ணாடியின் நடுவில் வந்து நின்றது. அதே நொடியில் இரண்டு லைட்டும் அணைந்தன. முன்னால் வெறும் பனி. சும்மா நிற்கிற வண்டியில் உட்கார்ந்திருந்த நானே காலால் பிரேக்கைத் தேடினேன். ஆட்களை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பியவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

"அட பாவி" என்று வாய்விட்டுச் சொன்னேன். என்னைத்தான்.

மெசின் பொய் சொல்லவில்லை. நான்தான் அதை வெயிலில் காயவைத்து, மத்தியானத்தில் போய்க் கேட்டேன். அது வேலை செய்வது காலையில், ஈரத்தில், பனியில்.

பெட்டியைக் கழற்றித் திறந்தேன். மசாலா டப்பாவைத் திறந்தது போல மஞ்சள் வாசம் வந்தது. பிளக் மாட்டுகிற பின்னெல்லாம் பச்சை பூத்து, அதன் மேல் மஞ்சள் படிந்து கட்டியாகியிருந்தது. ஒரு வாரத்தில் படிந்த படிவு இல்லை அது. வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது.

வேறு பெட்டிக்குக் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிறவரிடம் சொல்லிவைத்தேன். நாலு நாளில் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அதை என்னிடம் எடுத்துக் கொடுத்தவர் எங்கள் ஸ்டோர் கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனசுக்காரர். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணை, சும்மா ஏன் கரைச்சல் படுறியள்?" என்றார் அவர். "பெட்டி பழசாகிப் பழுதாப் போச்செண்டு எழுதிவிடுங்கோ. அவனும் தப்புவான், நீங்களும் தப்புவியள். ஓட்டையைப் பற்றி ஆர் கேக்கப்போகினம்?"

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு முழுக்க யோசித்துப் பார்த்ததில் கணக்கு ஒத்துவரவில்லை. விபத்து நடந்த மூன்றாம் நாள் எல்லாம் சரி என்று எழுதியவன் நான். இப்போது பெட்டி பழுது என்று எழுதினால், "அது இப்பத்தானே பழுதாச்சு, அன்னைக்கு நல்லாத்தானே இருந்திச்சு" என்று துரை கேட்பார். பெருமாள் தப்ப முடியாது. அன்றைக்கே குறை இருந்தது என்பதற்குச் சாட்சி அந்த மஞ்சள் படிவும் என் ஓட்டையும்தான். ஓட்டையைக் காட்டினால் ஓட்டை போட்டவனையும் காட்ட வேண்டும்.

அதில் எனக்குப் பயம் இருந்தது, ஆனால் குழப்பம் இல்லை. குழப்பம் மாரியாயி விஷயத்தில்தான். அவள் பெயரைச் சொன்னால், தோட்டத்து வண்டிக்குள் மனைவியைத் தண்ணீர் ஊற்ற விட்டான் என்று பழி திரும்பவும் பெருமாள் தலையிலேயே விழும். அதைவிட, தான் கும்பிட்டு ஊற்றிய தண்ணீர்தான் புருஷனை மண்மேட்டில் மோத வைத்தது என்று அவளுக்குத் தெரிந்தால்? அந்தப் பெண் அதை எப்படிச் சுமப்பாள்?

பழைய பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒஃபிஸுக்குப் போனேன். துரையின் மேசையில் வைத்தேன்.

"துரை, நான் எழுதிக் குடுத்தது பிழைங்க. பெருமாளு சொன்னதுதான் சரி. லைட்டு தானாத்தான் அணைஞ்சிருக்கு. டேஷ்போட்டுல நான் ரெண்டு ஓட்டை போட்டேன். அது வழியாத் தண்ணி எறங்கிப் பெட்டி கெட்டிருக்கு. நான் மத்தியானத்துல பாத்தேன், அதனால புடிபடலை."

அவர் முகம் சிவந்தது. "உங்களைத்தான் கான் வெட்ட அனுப்பணும்."

"அனுப்புங்க துரை. பெட்டிய மாத்திட்டுப் போறேன்."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது மஞ்சள். யார் ஊத்தினது?"

எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம், "ஆயுத பூசைக்கு மொதல்ல தெளிச்சது நீங்கதாங்க துரை" என்று சொல்லிவிட்டேன்.

போச்சு, வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். மனிதர் பெட்டியை மேசையில் வைத்தார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்ப நானும் கூட்டா?" என்றார். சிரித்து முடித்த பிறகு, மற்ற நாளில் ஊற்றியது யார் என்ற அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் இன்றும் நம்பவில்லை. அவருடைய பங்களாவிலும் தினமும் விளக்கு வைக்கிற ஒரு மனைவி இருந்தார்.

நான் பொய் சொல்லவில்லை. முழுவதையும் சொல்லவும் இல்லை. மழையில் நனைந்த ஆட்கள் ஏறி இறங்குகிற வண்டி அது. டேஷ்போட்டில் தண்ணீர் விழத்தான் செய்யும். விழுந்த தண்ணீருக்கு வழி விட்டது என் ஓட்டை. அது சத்தியம். அதற்கு மேல் அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

விசாரணையை நிறுத்தினார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டேன்.

பெருமாளிடம் ஆள் அனுப்பவில்லை. நானே மலை ஏறினேன். முழங்கால் அளவு கானுக்குள் நின்று மண் வெட்டிக்கொண்டிருந்தான்.

"பெருமாளு, லைட்டு தானாத்தான் அணைஞ்சிருக்குப்பா. நான்தான் பாக்கத் தெரியாமப் பாத்தேன். என்னைய மன்னிச்சிரு."

மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். முழுவதையும் சொன்னேன், மஞ்சள் தண்ணீர் உட்பட. கேட்டு முடித்தவன் அப்படியே கான் ஓரத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வேலை திரும்பக் கிடைத்ததற்கு அழுகிறான் என்று நினைத்தேன்.

"அவகிட்டத் தண்ணியச் சொல்லிறாதீங்கண்ணே" என்றான். "அவ தாங்க மாட்டா."

அவன் பக்கத்தில் நானும் அந்த ஈர மண்ணில் உட்கார்ந்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானமே பெட்டியை மாற்றினேன். பழைய இடத்தில் வைக்கவில்லை. வயரை நீட்டி, சீட்டுக்குப் பின்னால் உயரமாக, எந்தத் தண்ணீரும் எட்டாத இடத்தில் மாட்டினேன். இரண்டு ஓட்டையையும் அடைத்தேன். படத்தை அதே இடத்தில் பசை போட்டு ஒட்டினேன். வேலை முடிந்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை டேஷ்போட் மேல் நானே ஊற்றிவிட்டு, லைட்டைப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள்.

தம்பிமார்களே, பழுதைப் பெட்டிக்குள் மட்டும் தேடாதீர்கள். வண்டி எந்த நேரத்தில், எந்த இடத்தில் கெட்டது என்று டிரைவர் சொல்கிறாரோ, அந்த நேரத்தில், அந்த இடத்தில் போய்ப் பாருங்கள். அது முடியாவிட்டால் "நான் பார்த்தபோது குறை தெரியவில்லை" என்று எழுதுங்கள். "குறை இல்லை" என்று எழுதாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும் வழியில் மாரியாயி வந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"நல்லா இருப்பீங்கண்ணே. அது எதுனாலண்ணே கெட்டுச்சு?"

"நான் போட்ட ஓட்டையாலம்மா" என்றேன்.

அவள் லொறிக்குள் எட்டிப் படத்தைப் பார்த்தாள். ஸ்க்ரூ இல்லை. அடைத்த இடம் புதிதாகத் தெரிந்தது. இன்னும் காயாத டேஷ்போட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை, பெருமாள் திரும்பவும் ஸ்டேரிங்கைப் பிடிக்கிற முதல் நாள் என்பதால் நானும் சீக்கிரமே வந்து நின்றேன். மாரியாயி அதே செம்போடு வந்தாள். கதவைத் திறந்தாள். படத்தைத் துடைத்தாள், பூ வைத்தாள். செம்புக்குள் ஒரு விரலை மட்டும் நனைத்து, அம்மன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். விரலைச் சேலையில் துடைத்தாள். பிறகு இறங்கி வந்து, செம்பில் இருந்த மிச்சத் தண்ணீர் முழுவதையும் முன் டயரில் மெதுவாக ஊற்றினாள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பெருமாள் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாரும் அவளிடம் சொல்லவில்லை. மழையில் நின்று கொழுந்தெடுக்கிறவளுக்குத் தண்ணீர் எங்கே இறங்கும் என்று யார் சொல்லித்தர வேண்டும்?

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலிச் செம்பைக் கூடைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"டயருக்கும் வேணும்லண்ணே."

"வேணும்தாம்மா" என்றேன்.

நான் ஓய்வு பெறும்வரை அந்த லொறியின் முன் டயர் மஞ்சளாகத்தான் இருந்தது. வேலைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அது நனைந்திருந்தால் எனக்கு அன்றைய பொழுது நிம்மதியாகப் போகும்.